தொட்டிலில் தொடங்கும் ஊர்ப்பேச்சு

(திருநெல்வேலியில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஊர்ப்பேச்சு. ஒரு குழந்தைக்குப் பேச்சு எப்படி வருகிறது? அந்தப் பேச்சில் ஊர் எப்படி வந்து சேர்கிறது? குழந்தை முதலில் நல்ல தமிழ் கற்கிறது, பிறகு தெருவும் அக்கம்பக்கமும் சேர்ந்து அதைக் கெடுத்துவிடுகின்றன என்று ஒரு நினைப்பு நம் வீடுகளில் இருக்கிறது, வகுப்பறைகளில் இருக்கிறது, சில சமயம் பாடம் நடத்துகிறவர் மனத்திலும் இருக்கிறது. அது தவறான நினைப்பு. குழந்தை முதன்முதலில் கற்பதே ஊர்ப்பேச்சைத்தான். ஊர் இல்லாத பேச்சை எந்தக் குழந்தையும் கற்றதில்லை, கற்கவும் முடியாது. இதை உங்கள் முன் எடுத்துவைக்கத்தான் வந்திருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்கலாம்? பிறப்பதற்கு முன்பிருந்தே தொடங்கலாம்.

தாயின் வயிற்றில் கடைசி மூன்று மாதங்களில் பிள்ளைக்குக் காது கேட்கிறது. சொல் தெளிவாகக் கேட்காது. பேச்சின் ஏற்ற இறக்கம் கேட்கும், எங்கே இழுக்கிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பது கேட்கும். 1980-ல் டிகேஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பிறந்து ஓரிரு நாளே ஆன சிசுக்களின் வாயில் ரப்பர் நிப்பிளை வைத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் பெற்ற தாயின் குரல் கேட்கும். வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும். சிசுக்கள் என்ன செய்தன தெரியுமா? சப்பும் முறையை மாற்றிக்கொண்டு தாயின் குரலைக் கேட்டுக்கொண்டன. கண் சரியாகத் தெரியாத வயதில் குரல் தெரிந்திருக்கிறது!

இன்னும் ஒன்று கேளுங்கள். 2009-ல் வெர்ம்கே என்ற ஜெர்மானிய அம்மையாரும் அவருடைய குழுவினரும் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத 60 குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்தார்கள். பாதிக் குழந்தைகள் பிரெஞ்சு பேசும் வீட்டில் பிறந்தவை, பாதி ஜெர்மன் பேசும் வீட்டில் பிறந்தவை. பிரெஞ்சுக் குழந்தையின் அழுகை கீழிருந்து மேலே ஏறியது. ஜெர்மன் குழந்தையின் அழுகை மேலிருந்து கீழே இறங்கியது. அந்தந்த மொழியின் ராகமே அப்படித்தான். பேசத் தொடங்கும் முன்பே, சிரிக்கத் தொடங்கும் முன்பே, பிள்ளை தன் ஊர் ராகத்தில் அழுகிறது.

இந்த ராகம்தான் முதலில் வருவது. கடைசி வரைக்கும் விட்டுப் போகாததும் இதுதான். நீங்கள் சென்னையில் ஒரு விடுதி அறையில் படுத்திருக்கிறீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசுகிறார்கள். சொல் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. ஆனாலும் "நம்ம ஊர் ஆளுல்லா!" என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள். எதைக் கேட்டு எழுந்தீர்கள்? வயிற்றுக்குள் இருக்கும்போதே கேட்ட அந்த ராகத்தைக் கேட்டுத்தான்.

ராகம் வந்துவிட்டது. ஒலி எப்போது வருகிறது?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கனடாவில் ஜேனட் வெர்க்கர் என்ற பெண்மணியும் ரிச்சர்டு டீஸ் என்பவரும் சேர்ந்து 1984-ல் வெளியிட்ட ஆய்வு இது. நமக்கு மிகவும் நெருக்கமான ஆய்வு. தாய் தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒலிபெருக்கியில் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருகிறது: தா, தா, தா, தா. திடீரென்று அது 'டா' என்று மாறுகிறது. மாறிய உடனே பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் விளக்கு எரியும், உள்ளே இருக்கும் விலங்குப் பொம்மை ஆடத் தொடங்கும். இரண்டு மூன்று தடவை பார்த்த குழந்தை விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒலி மாறினால் பொம்மை வரும்! ஒலி மாறியதும் தலையைத் திருப்பிப் பொம்மைப் பெட்டியைப் பார்க்கிறது. தாய் தன்னை அறியாமல் சாடை காட்டிவிடக்கூடாது என்று அவள் காதில் பாட்டுப் போட்டுவிட்டிருக்கிறார்கள்.

அந்தத் தாவும் டாவும் இந்திக்காரர் உச்சரித்தவை. நமக்கு மலையும் மடுவும் போல வேறுபட்டுக் கேட்கும் ஒலிகள். ஆங்கிலம் பேசுகிறவரிடம் சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதானே என்பார். ஆனால் அவருடைய ஆறு மாதக் குழந்தைக்கு இரண்டும் வேறு வேறு என்று தெரிந்தது! ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை சரியாகத் தலையைத் திருப்பின. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலவே திருப்பின. அதே வயது இந்திக்காரக் குழந்தைகளுக்கோ அந்த வேறுபாடு கொஞ்சமும் குறையாமல் கேட்டது.

இதற்கு என்ன பொருள்? பிறக்கும்போது குழந்தையின் காது உலகத்து மொழிகளுக்கெல்லாம் திறந்திருக்கிறது. ஒரு வருடத்துக்குள் அது தன் வீட்டாருக்கு வேண்டிய ஒலிகளை வைத்துக்கொள்கிறது, மற்றதை விட்டுவிடுகிறது. நம் காது மட்டும் என்ன, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டதா? இந்தியில் நான்கு விதமான 'க' இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அது உடனே பிரிந்து கேட்கிறது? பதிலுக்கு ல, ள, ழ என்ற மூன்றையும் ர, ற இரண்டையும் வைத்துக்கொண்டோம். அதிலும் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. இந்தச் சீமையில் வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகிறது. சென்னையில், வட மாவட்டங்களில் அது 'வாயப்பயம்'. நாக்குத் தடித்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வயதுக்குள் காது எதைக் கேட்டதோ அதை நாக்கு அப்படியே செய்கிறது.

காது யாரிடமிருந்து கேட்க வேண்டும் என்பதும் இங்கே முக்கியம். பாட்ரீஷியா கூல் என்ற ஆய்வாளர் 2003-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், படம் காட்டிப் பேசினார்கள். மொத்தம் 12 அமர்வுகள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டியில். அந்தக் குழு எதையும் கற்றதாகத் தெரியவில்லை. தாய்மார்களே, இந்த ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அந்த வயதுப் பிள்ளைக்குப் பேச்சைத் தருவது முகம். கைப்பேசித் திரை தராது.

சரி, ஒலி வந்தது. சொல் வந்தது. ஒரு வயதில் 'அம்மா', 'தாத்தா', 'காக்கா'. ஒன்றரை, இரண்டு வயதில் 'அப்பா வா', 'பால் வேணும்'. அப்புறம் இலக்கணம் வருகிறது. யார் சொல்லிக் கொடுத்த இலக்கணம்? எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள். "நேத்து பாட்டிகிட்ட படுச்சேன்" என்கிறாள். படுத்தேன் என்று சொல்ல வேண்டியதைப் படுச்சேன் என்கிறாள். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எந்த ஊரிலும் எந்தப் பெரியவரும் அப்படிச் சொல்வதாக நான் கேட்டதில்லை. பிறகு எங்கிருந்து வந்தது? அடிச்சேன், கடிச்சேன், குடிச்சேன், சிரிச்சேன் என்று கேட்ட பிள்ளை, கேட்டதிலிருந்து ஒரு விதியைத் தானே கண்டுபிடித்து, அந்த விதியைப் புதிய இடத்தில் போட்டுப் பார்க்கிறது. நாம் பிழை என்று சிரிக்கிறோம். அந்தப் பிழைக்குள் ஓர் இலக்கண ஆசிரியன் உட்கார்ந்திருக்கிறான். கொஞ்ச நாளில், யாரும் திருத்தாமலே, அவளே 'படுத்தேன்' என்று சொல்லிவிடுவாள்.

அந்த விதிகளும் ஊர் விதிகள்தாம். 'வந்தார்கள்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 'வந்தாங்க'. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் 'வந்தாக'. மதுரையில் 'வந்தாய்ங்க'. இங்கே நெல்லையில் 'வந்தாவ'. யாழ்ப்பாணத்தில் 'வந்தவை'. ஒவ்வொன்றும் ஓர் ஒழுங்கில் நிற்கிறது. 'வந்தாவ' என்று சொல்லும் பிள்ளை 'போனாவ', 'சொன்னாவ', 'இருந்தாவ' என்று எங்கேயும் தவறாமல் சொல்கிறது. தவறாமல் சொல்வதற்குத்தானே இலக்கணம் என்று பெயர்?

இப்போது ஒரு கேள்வி உங்களுக்கு எழும். தாயிடமிருந்துதான் பேச்சு வருகிறது என்றால், ஒரு ஊர்த் தாய்க்கு வேறொரு ஊரில் பிறந்த பிள்ளை ஏன் தாயைப்போலப் பேசுவதில்லை?

நெய்வேலியை நினைத்துப் பாருங்கள். 1956-ல் நிலக்கரி நிறுவனம் வந்தது. அப்புறம் எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வந்தன. அப்பா இந்தத் தாமிரபரணிக் கரைக்காரர், அம்மா காவிரிக் கரை. பிள்ளை யாரைப்போலப் பேசும்? இதே கேள்வியை இங்கிலாந்தில் கேட்டார்கள். மில்டன் கீன்ஸ் என்று ஒரு புதிய நகரம், 1967-ல் அறிவிக்கப்பட்டது. பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கே குடியேறினார்கள். கெர்ஸ்வில், வில்லியம்ஸ் என்ற இரண்டு மொழியியலாளர்கள் அங்கே 4 வயது, 8 வயது, 12 வயதுப் பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்தார்கள். 4 வயதுப் பிள்ளை பெரும்பாலும் தாயைப்போலப் பேசியது. 8 வயதிலும் 12 வயதிலும் பிள்ளைகள் தங்களுக்குள் ஒருவரைப்போல ஒருவர் பேசினார்கள். அப்பன் ஊரும் இல்லை, ஆத்தாள் ஊரும் இல்லை; அந்த நகரத்துக்கென்று ஒரு பேச்சைப் பிள்ளைகளே உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, மடியில் ஒரு பேச்சு வருகிறது. தெருவில் விளையாடும்போது அது உறுதிப்படுகிறது. பேச்சின் எல்லை என்பது பிள்ளைகள் சேர்ந்து விளையாடும் எல்லை.

இதைச் சொல்லும்போது ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். நம் தமிழில் ஊருக்கு ஊர் மட்டும் பேச்சு மாறவில்லை. ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு மாறியிருக்கிறது. வில்லியம் பிரைட்டும் நம் ஏ.கே. ராமானுஜனும் 1964-லேயே சாதிக்குச் சாதி பேச்சு எப்படி வேறுபடுகிறது என்று எழுதினார்கள். ஏன் அப்படி மாறியது? நாலு தெரு தள்ளி இருந்த பிள்ளைகளை நாம் சேர்ந்து விளையாட விடவில்லை. சேர்ந்து சாப்பிட விடவில்லை. அந்தப் பிரிவை அவர்களுடைய பேச்சு அப்படியே பதிந்து வைத்துக்கொண்டது. வட்டார வழக்கைக் கொண்டாடுகிற நாம் இதை மறைத்துவிட்டுக் கொண்டாட முடியாது.

பத்துப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு, புதிய பேச்சு இயல்பாக உள்ளே வரும் வாசல் மெல்ல மெல்லச் சாத்திக்கொள்கிறது. ஜோசப் கான்ராட் என்ற எழுத்தாளர் போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலம் இருபது வயதுக்கு மேல் கற்றது. ஆங்கில உரைநடையின் பெரும் ஆசான்களில் ஒருவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் வாயைத் திறந்தால் போலந்துக்காரர் என்று தெரிந்துவிடுமாம், கடைசி வரைக்கும். எழுத்து வசப்பட்டது, சொல்வளம் வசப்பட்டது, ராகம் வசப்படவில்லை.

ஆனால் பழக்கம் மட்டும்தானா ஊர்ப்பேச்சு? விருப்பமும் உண்டு. அமெரிக்காவில் மார்த்தாஸ் வைன்யார்ட் என்று ஒரு தீவு. கோடையில் வெளியூர்ப் பணக்காரர்கள் வந்து குவியும் இடம். வில்லியம் லபோவ் அங்கே போய் மீனவர்களின் பேச்சைக் கேட்டு, 1963-ல் எழுதினார். அங்கத்துப் பேச்சில் சில உயிரொலிகளுக்கு ஒரு தனிச் சாயல் உண்டு. யாரிடம் அந்தச் சாயல் கூடுதலாக இருந்தது? இந்தத் தீவிலேயே வாழ்வேன், இது என் மண் என்று நினைத்தவர்களிடம். யாரிடம் குறைவாக இருந்தது? வெளியேறிப் போக நினைத்த இளைஞர்களிடம். பாருங்கள், ஒருவன் தன் ஊரை எவ்வளவு நேசிக்கிறான் என்பது அவன் உயிரெழுத்தில் தெரிகிறது! அங்கே மட்டுமா? வேலை பார்க்கும் நகரத்தில் 'சொல்றேன்' என்று பேசும் நம் பையன், ரயில் ஊரை நெருங்கும்போதே 'சொல்லுதேன்' என்று மாறிவிடுகிறானா இல்லையா?

அப்படியானால் எந்த ஊர்த் தமிழ் நல்ல தமிழ்? இது நெடுநாள் வழக்கு. தஞ்சாவூர்க்காரர்கள் தங்கள் தமிழ் என்பார்கள். யாழ்ப்பாணத்தார் தங்கள் தமிழ் என்பார்கள். நீங்களும் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள். நான் சொல்கிறேன், எல்லா ஊரும் ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, எல்லா ஊரும் ஒன்றைத் தொலைத்திருக்கிறது. தொல்காப்பியம் அ, இ, உ என்று மூன்று சுட்டுகளைச் சொல்கிறது. நம்மிடம் அவன், இவன் இருக்கிறான், 'உவன்' எங்கே? யாழ்ப்பாணத்தில் இருக்கிறான். "உவன் எங்கை போறான்?" என்று இன்றைக்கும் அங்கே சாதாரணமாகக் கேட்கிறார்கள். நாம் காற்றைக் 'காத்து' ஆக்கிவிட்டோம். அவர்கள் வாயில் அந்த றகரம் அப்படியே நிற்கிறது. அந்த றகரத்தில் பழகிய காதுதான் ஆங்கில ஒலியையும் வேறு விதமாகக் கேட்கிறது. நாம் 'டொரன்டோ' என்று எழுதும் நகரத்தை அவர்கள் 'ரொறன்ரோ' என்று எழுதுகிறார்கள். நம் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. அவர்கள் காதுக்கு அது அப்படிக் கேட்கிறது, நம் காதுக்கு இப்படிக் கேட்கிறது. இரண்டுமே தமிழ்க் காதுகள்.

நம் முன்னோருக்கு இந்தத் தெளிவு இருந்தது. தொல்காப்பியர் செய்யுளுக்கு உரிய சொற்களை நான்காக வகுத்தார். இயற்சொல், திரிசொல், வடசொல், கூடவே திசைச்சொல். எந்தத் திசையில் எந்தச் சொல் வழங்கினாலும் செய்யுளில் அதற்கு ஓர் இருக்கை போட்டார். உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டும் தந்தார்கள். குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பார்கள் என்று எழுதி வைத்தார்கள். பல நூறு ஆண்டுகள் கழித்தும் நாஞ்சில் நாட்டில் அந்தச் சொல் காதில் விழுகிறது. மலையாளத்திலும் விழுகிறது. இலக்கணம் இருக்கை போட்ட சொல்லை நம் வகுப்பறை எழுந்து நிற்க வைக்கலாமா?

நிற்க வைக்கிறோமே! எனக்குத் தெரிந்து ஒரு பையன். குமரி மாவட்டத்திலிருந்து, தகப்பனாருக்கு வேலை மாற்றலாகி, பெருநகரத்துப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தான். முதல் நாள் "எனக்க பேனாவைக் காணல" என்றான். வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் சேர்ந்து சிரித்துவிட்டு, "எனக்க இல்லடா, என்னோட. பத்துத் தடவை சொல்லு" என்றார். பையன் பத்துத் தடவை சொன்னான். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவன் வகுப்பில் தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. 'என்னோட' என்று சொன்ன அந்தப் பிள்ளைகளின் தமிழ் புத்தகத் தமிழா? அதுவும் இல்லை. புத்தகத்தில் 'என்னுடைய' என்றிருக்கிறது. அவர்களும் வீட்டில் கேட்டதைத்தான் பேசினார்கள், அவனும் வீட்டில் கேட்டதைத்தான் பேசினான்.

புத்தகத் தமிழ் யாருடைய தாய்ப்பேச்சும் இல்லை. எந்தத் தாயும் தொட்டிலை ஆட்டிக்கொண்டு 'மாமா வந்தார்கள்' என்று சொன்னதில்லை. எழுத்துத் தமிழை எல்லா ஊர்ப் பிள்ளையும் பள்ளிக்கு வந்துதான் கற்கிறது. கற்கத்தான் வேண்டும்; அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நெல்லையில் இருக்கிறவனும் கோவையில் இருக்கிறவனும் மட்டக்களப்பில் இருக்கிறவனும் ஒரே பத்திரிகையைப் படிக்கிறான் என்றால் அந்தப் பொதுத் தமிழால்தான். ஒன்றைக் கொடுப்பதற்கு இன்னொன்றைப் பிடுங்க வேண்டியதில்லை என்பதுதான் என் வாதம். மூன்று வயதில் தானாக இலக்கணம் கண்டுபிடித்த பிள்ளைக்கு ஆறு வயதில் இரண்டு தமிழைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளத் தெரியாதா?

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வகுப்பில், இரண்டாம் வகுப்பில், பிள்ளை எந்தப் பேச்சில் பதில் சொன்னாலும் முதலில் பதிலைக் கேளுங்கள். பதில் சரியா என்று பாருங்கள். சரியென்றால் சரியென்று சொல்லுங்கள். அப்புறம் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கம் 'வந்தாவ', மறுபக்கம் 'வந்தார்கள்'. இது நாம் வீட்டில் சொல்வது, இது நாம் புத்தகத்தில் எழுதுவது என்று சொல்லுங்கள். 'தப்பு' என்ற சொல்லை அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இடைசெவலில் உட்கார்ந்துகொண்டு கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி வட்டார வழக்குச் சொல்லகராதி தந்தார். கொங்குச் சொற்களைப் பெருமாள்முருகன் தொகுத்தார். நடுநாட்டுச் சொற்களைக் கண்மணி குணசேகரன் தொகுத்தார். எழுத்தாளர்கள் தங்கள் ஊர்ப்பாசத்தால் செய்த பெரும்பணி இது. எல்லாச் சொல்லையும் அவர்களே வந்து எழுதிக்கொண்டு போக முடியுமா? உங்கள் வகுப்பில் 40 பிள்ளைகள் இருக்கிறார்கள். 40 வீட்டிலும் ஒரு ஆச்சியோ தாத்தாவோ இருக்கிறார்கள். வருகிற சனி, ஞாயிறு விடுமுறையில் ஆளுக்குப் பத்துச் சொல் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். சமையலுக்கு, வயலுக்கு, வைத்தியத்துக்கு, மழைக்கு, சண்டைக்கு எந்தச் சொல் ஆனாலும் சரி. சொன்னவர் பெயரும் ஊரும் பக்கத்தில் இருக்கட்டும். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் அதை வகுப்பில் உரக்கப் படிக்கட்டும், அவரவர் வீட்டு ராகத்திலேயே. அந்த நோட்டை ஆண்டு முடிந்ததும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் பள்ளி நூலகத்தில் வையுங்கள்.